வழிகாட்டியும் கண்காணியும்: தன்னார்வச் சமூகங்களில் இருவேறு பொறுப்புகள்

சில ஆண்டுகளுக்கு முன்பு நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர், பழைய தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றும் தன்னார்வக் குழு ஒன்றில் சேர்ந்தார். ஊதியமோ கட்டாயமோ இல்லாத பணி அது. கோடை விடுமுறையில் பத்துப் பக்கங்களை ஆவலுடன் முடித்து அனுப்பினார். அவை மறுநாளே திரும்பி வந்தன. "விதிமுறைப்படி இல்லை" என்னும் ஒரு குறிப்பு மட்டுமே அவற்றுடன் இருந்தது. அதன்பின் மாணவர் அக்குழுவின் பக்கமே செல்லவில்லை. காரணம் கேட்டபோது, "பிழை இருந்தது உண்மைதான் ஐயா. ஆனால் எது பிழை என்று கேட்பதற்கு அங்கே ஆள் இல்லை" என்றார்.

திருப்பி அனுப்பியவர் தம் கடமையில் தவறினார் என்று கூற இயலாது. நூலின் தூய்மையைக் காப்பது அவர் பொறுப்பு. அதை அவர் காத்தார். பிழையைக் கண்டறிய அக்குழுவில் ஒருவர் இருந்தார்; பிழை செய்தவருடன் அமர்ந்து கற்பிக்கத்தான் எவரும் இல்லை. முன்னவரை மேற்பார்வையாளர் என்றும், பின்னவரை வழிகாட்டி என்றும் அழைக்கிறோம். இவ்விரு பொறுப்புகளும் எவ்வாறு வேறுபடுகின்றன, இவற்றை ஒன்றாகக் கலப்பதால் விளையும் கேடு யாது, ஒருவரே இரண்டையும் ஏற்க நேர்ந்தால் செய்ய வேண்டுவது யாது என்பனவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

இணையத்தில் இயங்கும் தன்னார்வச் சமூகங்களையே பெரிதும் எடுத்துக்காட்டாகக் கொள்கிறோம். ஒருவரையொருவர் முகம் காணாத அச்சமூகங்களில் யாருக்கு எந்த அதிகாரம் உண்டு என்பது எழுத்தில் வரையறுக்கப்பட்டுள்ளது. ஆகவே இவ்வேறுபாட்டை அங்கே தெளிவாகக் காணலாம். ஞாயிறு பள்ளி ஆசிரியர், பாடகர் குழுவினர், வாலிபர் சங்கத்தார் ஆகிய தன்னார்வலர்களின் உழைப்பைச் சார்ந்து நடைபெறும் நம் சபைகளுக்கும் இதில் பாடம் உண்டு.

1. சொற்களும் அவற்றின் வரலாறும்

வழிகாட்டியைக் குறிக்க உலகமெங்கும் வழங்கும் "மென்டார்" என்னும் சொல், கிரேக்கக் காவியம் ஒன்றில் வரும் பெயராகும். ஹோமரின் 'ஒடிசி'யில், ஒடிசியஸ் போருக்குப் புறப்படுமுன் தன் வீட்டை மென்டார் என்னும் நண்பனிடம் ஒப்படைத்துச் செல்கிறான். பிற்பாடு அந்நண்பனின் உருவத்தில் அதீனா தேவதை, ஒடிசியஸின் மகன் டெலிமாக்கஸுக்குப் பயணத்துணையாக வருகிறாள். 1699-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுப் பேராயர் பெனெலோன் எழுதிய டெலிமாக்கஸ் கதை வெளிவந்தபின், இப்பெயர் ஐரோப்பிய மொழிகளில் பொதுச்சொல்லாகப் பரவியது. மென்டார் முதலில் ஏற்றது வீட்டைக் கண்காணிக்கும் பொறுப்பு என்பது கவனிக்கத்தக்கது. எனினும் உலகம் அப்பெயரை நினைவில் வைத்திருப்பது, இளைஞனுடன் பயணம் சென்ற துணைக்காகவே.

மேற்பார்வையாளர் என்னும் சொல்லின் பொருள் வெளிப்படையானது. இதற்கு இணையான இலத்தீன் சொல்லும், புதிய ஏற்பாட்டில் வரும் "எபிஸ்கொபோஸ்" என்னும் கிரேக்கச் சொல்லும் மேலிருந்து பார்ப்பவர் என்ற பொருளையே தருகின்றன. நம் தமிழ் வேதாகமம் இக்கிரேக்கச் சொல்லைக் "கண்காணி" என்று பெயர்த்துள்ளது.

இச்சொல்லுக்குத் தமிழர் வாழ்வில் மற்றொரு வரலாறும் உண்டு. இலங்கையிலும் மலாயாவிலும் இருந்த தோட்டங்களுக்கு ஆள் சேர்த்துச் சென்றவர்களும் கங்காணிகளே. கங்காணி பெரும்பாலும் தன் ஊராரையும் உறவினரையுமே அழைத்துச் சென்றார். வழிச்செலவுக்கு முன்பணம் கொடுத்தவர் அவர். தோட்டத்தில் வேலை வாங்கியவரும் அவர். தோட்டத் துரையிடம் தொழிலாளருக்காகப் பேசியவரும் அவரே. இலங்கையில் தொழிலாளியின் கடனைத் "துண்டு" எனப்பட்ட சீட்டில் எழுதித் தோட்டத்திற்குத் தோட்டம் மாற்றும் வழக்கம் இருந்தது. அது 1921-ஆம் ஆண்டில் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. உறவு, கடன், அதிகாரம் ஆகிய மூன்றும் ஒரே மனிதரிடம் சேர்ந்திருந்தமையால், கங்காணியைப் பற்றிய குறையைத் தொழிலாளி எடுத்துச் சொல்ல வேறு வாசல் இருக்கவில்லை. வழிகாட்டியும் மேற்பார்வையாளரும் ஒருவரே ஆகும்போது நேரக்கூடிய கேட்டிற்கு இது கடுமையான ஓர் எடுத்துக்காட்டு.

2. தன்னார்வலரின் நிலை

தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் கடிந்து பேசினாலும் தொழிலாளி மறுநாள் வேலைக்கு வருவார். ஊதியம் அவரைக் கட்டியிருக்கிறது. தன்னார்வலரை அவ்வாறு கட்டுவது எதுவும் இல்லை. அவரை இழுத்துவந்தது விருப்பம். அவ்விருப்பம் குன்றிய நாளில் அவர் நின்றுவிடுவார். இதிலிருந்து இரு விளைவுகளைக் காண்கிறோம்.

முதலாவது, தன்னார்வச் சமூகத்தில் மேற்பார்வையாளரின் கையில் உள்ள கருவிகள் மிகச் சில. செய்த வேலையைத் தள்ளலாம், செய்தவரை விலக்கலாம். ஊதிய உயர்வும் பதவி உயர்வும் அவரிடம் இல்லை. ஆகவே அவர் தம் அதிகாரத்தைப் பயன்படுத்தும் ஒவ்வொரு வேளையிலும் புதியவர் அதனைப் புறக்கணிப்பாகவே உணர்கிறார்.

இரண்டாவது, விலகிச் செல்லும் தன்னார்வலர் காரணம் சொல்லிச் செல்வதில்லை. ஆலயத்தில் ஒருவர் வழக்கமாக அமரும் இடம் வெறுமையாக இருந்தால் ஆயர் கண்டுகொள்வார். இணையத்தில் அவ்விடமும் கண்ணுக்குத் தெரிவதில்லை. சமூகம் ஆட்களை இழந்துகொண்டிருப்பதைப் பல ஆண்டுகள் சென்றபின்னரே அறிகிறது.

3. விக்கிப்பீடியா தரும் பாடம்

2001-ஆம் ஆண்டு சனவரி 15-ஆம் நாள் தொடங்கப்பெற்ற விக்கிப்பீடியா என்னும் கலைக்களஞ்சியம், இன்று 300-க்கும் மேற்பட்ட மொழிகளில் தன்னார்வலர்களால் எழுதப்பட்டு வருகிறது. தமிழ் விக்கிப்பீடியா 2003-ஆம் ஆண்டில் தோன்றியது. நம் மாணவர் பலர் நாள்தோறும் பயன்படுத்தும் இக்களஞ்சியத்தின் உள்ளமைப்பை அவர்கள் அறிந்திருப்பது அரிது.

இதில் மேற்பார்வைப் பொறுப்பை ஏற்போர் "நிர்வாகிகள்" எனப்படுவர். அவர்களும் ஊதியம் பெறாத தன்னார்வலர்களே. சக பங்களிப்பாளர்கள் வெளிப்படையாகக் கலந்துரையாடிய பின்னரே அவர்களுக்கு இப்பொறுப்பு வழங்கப்படுகிறது. பக்கங்களை நீக்குதல், பூசலுக்குள்ளான பக்கத்தைப் பூட்டுதல், தீங்கு செய்வோரைத் தடுத்தல் ஆகியன அவர்தம் அதிகாரங்கள். ஆனால் ஒரு கட்டுரையில் எது எழுதப்பட வேண்டும் என்பதில் நிர்வாகியின் சொல்லுக்கு மற்றவர் சொல்லைவிட மிகுந்த எடை கிடையாது. மேலும், ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு நிர்வாகி தாம் தொடர்புடைய பூசலில் தம் அதிகாரத்தைப் பயன்படுத்தலாகாது என்ற நெறி உண்டு.

இவ்வளவு கவனமாக மேற்பார்வையை வகுத்த சமூகம், வழிகாட்டலை அதே அளவு கவனத்துடன் தொடக்கத்தில் வகுக்கவில்லை. 2007-ஆம் ஆண்டில் ஆங்கில விக்கிப்பீடியாவில் செயலூக்கத்துடன் பங்களித்தோர் 51,000-க்கும் மேற்பட்டிருந்தனர். 2013-ஆம் ஆண்டில் அத்தொகை சுமார் 31,000 ஆகக் குறைந்திருந்தது. ஏரன் ஹாஃபேக்கரும் அவருடன் ஆய்வு செய்தோரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு இதன் காரணத்தை ஆராய்ந்தது. விஷமிகளைத் தடுப்பதற்கென்று உருவாக்கப்பட்ட கடுமையான விதிகளும் தானியங்கிக் கருவிகளும், நல்லெண்ணத்துடன் வந்த புதியவர்களின் முதல் முயற்சிகளையும் தள்ளிவிட்டன என்றும், அவ்வாறு தள்ளப்பட்டோர் திரும்பி வருவது குறைந்தது என்றும் அவ்வாய்வு கண்டது. நம் மாணவருக்கு நேர்ந்ததும் இதுவே.

இக்குறையை நீக்க எடுக்கப்பட்ட முயற்சிகளில் ஒன்று, 2012-ஆம் ஆண்டில் ஆங்கில விக்கிப்பீடியாவில் திறக்கப்பட்ட "டீ ஹவுஸ்", அதாவது தேநீர்க் கூடம். புதியவர்கள் எந்த ஐயத்தையும் கூச்சமின்றிக் கேட்கலாம். அனுபவமுள்ளோர் விருந்தோம்புவோராக அமர்ந்து பொறுமையுடன் விடையளிப்பர். அக்கூடத்திற்கு அழைக்கப்பட்ட புதியவர்கள், அழைக்கப்படாதவர்களைவிடத் தொடர்ந்து பங்களிக்கும் வாய்ப்பு கூடியதாகப் பின்னர் நடந்த ஆய்வு காட்டியது. தமிழ் விக்கிப்பீடியாவிலும் உதவி கேட்பதற்கு "ஒத்தாசைப் பக்கம்" என ஒன்றும், கூடிப் பேசுவதற்கு "ஆலமரத்தடி" என ஒன்றும் உண்டு. பெயர்களே நம் ஊர் வழக்கை நினைவூட்டுகின்றன. அண்மை ஆண்டுகளில் பல மொழி விக்கிப்பீடியாக்களில், புதிதாகச் சேர்பவருக்கு வழிகாட்டி ஒருவரின் பெயரைத் தொடக்கத்திலேயே தரும் ஏற்பாடும் வந்துள்ளது.

டீ ஹவுஸில் விடையளிப்பவர் நிர்வாகியாக இருக்க வேண்டும் என்ற விதி இல்லை என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும். எதையும் நீக்கும் அதிகாரம் இல்லாத ஒருவரே நல்ல விருந்தோம்புவோராக இருக்கலாம்.

4. வழிகாட்டியின் தனித்தன்மை

அதிகாரமின்மையே வழிகாட்டியின் பலம் என்பதற்கு மற்றொரு சான்று ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கமாகும். 1935-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து ஏக்ரன் நகரில், மதுவுக்கு அடிமைப்பட்டிருந்த பில் வில்சனும் மருத்துவர் ராபர்ட் ஸ்மித்தும் சந்தித்ததிலிருந்து அது தோன்றியது. 2020-ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க் காலத்தில் அதன் கூட்டங்கள் பலவும் இணையத்திற்கு மாறின.

இவ்வியக்கத்தில் புதியவர் ஒருவர், மதுவை விட்டுச் சில காலம் ஆன மூத்த உறுப்பினர் ஒருவரைத் தமக்குத் துணையாளராகத் தெரிந்துகொள்கிறார். துணையாளருக்குப் புதியவரை இயக்கத்திலிருந்து நீக்கும் அதிகாரம் இல்லை. அவரைப் பற்றி எவரிடமும் அறிக்கை கொடுக்கும் கடமையும் இல்லை. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே உறுப்பினராவதற்குப் போதுமானது. இதன் பயன் யாதெனில், புதியவர் மீண்டும் குடித்துவிட்ட இரவிலும் துணையாளரை அழைத்து உண்மையைச் சொல்லலாம். சொல்வதனால் அவர் இழக்கப்போவது எதுவுமில்லை. அதே துணையாளர் உறுப்பினர் பட்டியலில் பெயரை அடிக்கக்கூடியவராக இருந்தால் அத்தொலைபேசி அழைப்பு வந்திருக்குமா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

மேற்பார்வையாளர் முடிந்த வேலையைப் பார்க்கிறார். வழிகாட்டி வேலை செய்பவரைப் பார்க்கிறார். மேற்பார்வையாளர் எல்லோருக்கும் ஒரே அளவுகோலைப் பயன்படுத்தக் கடமைப்பட்டவர். வழிகாட்டியோ ஒவ்வொருவரின் நிலைக்கும் ஏற்ப நடக்க வேண்டியவர். மேற்பார்வையாளரைச் சமூகம் நியமிக்கிறது. வழிகாட்டியை எவர் நியமித்தாலும், கற்பவர் தம் மனத்தில் ஏற்றுக்கொண்டாலொழிய அவர் வழிகாட்டி ஆவதில்லை. மேற்பார்வை பதவி உள்ளவரை நீடிக்கும். வழிகாட்டலின் நோக்கமோ, வழிகாட்டி தேவையற்றவராக ஆவதே.

5. மேற்பார்வை ஏன் வேண்டும்?

மேற்கூறியவற்றால் வழிகாட்டல் அன்பு என்றும், மேற்பார்வை கடுமை என்றும் எவரும் முடிவு செய்தல் ஆகாது. 2005-ஆம் ஆண்டு மே மாதத்தில், ஜான் சீகன்தாலர் என்னும் அமெரிக்கப் பத்திரிகையாளரைப் பற்றி ஆங்கில விக்கிப்பீடியாவில் பெயர் தெரியாத ஒருவர் பொய்யுரை எழுதினார். கென்னடி சகோதரர் கொலைகளில் அவருக்குத் தொடர்பு இருந்ததாக ஐயுறப்பட்டது என்னும் அப்பெரும் பொய், ஏறத்தாழ நான்கு மாதங்கள் திருத்தப்படாமல் நின்றது. அவ்வாண்டு திசம்பரில், பதிவு செய்யாதவர்கள் புதிய கட்டுரை தொடங்க முடியாதபடி விதி மாற்றப்பட்டது. மேற்பார்வை தளர்ந்த இடத்தில் துன்புற்றவர் அச்சமூகத்திற்கு வெளியே இருந்த ஒரு குற்றமற்ற மனிதர். வாயில் காப்போன் உள்ளே இருப்பவர்களுக்காக மட்டும் நிற்பதில்லை.

வழிகாட்டலுக்கே மேற்பார்வை தேவைப்படும் இடமும் உண்டு. வழிகாட்டுபவரும் கற்பவரும் தனிமையில் உரையாடுகின்றனர். நம்பிக்கை வளர்வது அத்தனிமையில்தான். நம்பிக்கை துரோகத்திற்குள்ளாவதும் அங்கேயே. இளையோர் பங்குகொள்ளும் எந்தச் சமூகத்திலும், வழிகாட்டி எல்லை மீறும்போது கற்பவர் சென்று முறையிடுவதற்கு வழிகாட்டியின் நண்பரல்லாத ஒருவர் இருத்தல் இன்றியமையாதது. இதனைத் திருச்சபையும் அறியாததன்று.

6. பவுலும் பர்னபாவும்

இவ்விரு பொறுப்புகளும் மோதிக்கொண்ட நிகழ்ச்சி ஒன்றை அப்போஸ்தலர் நடபடிகள் 15-ஆம் அதிகாரம் விவரிக்கிறது. முதற்பயணத்தில் பம்பிலியாவிலே விலகிச் சென்ற மாற்கை மீண்டும் அழைத்துச் செல்லப் பர்னபா விரும்பினார், பவுல் மறுத்தார். இப்பகுதியைப் பிரசங்கிக்கும்போது நாம் பெரும்பாலும் இருவரில் ஒருவரை நியாயப்படுத்தவே முனைகிறோம். ஆனால் இருவரும் தத்தம் பொறுப்பிலிருந்து பேசினர் என்று கொள்வது பொருந்தும். பயணத்தின் நன்மையை எண்ணியவர் பவுல். பாதி வழியில் திரும்பக்கூடியவரைச் சேர்த்துக்கொள்ள முடியாது என்பது மேற்பார்வையாளரின் நியாயம். அந்த இளைஞனின் நன்மையை எண்ணியவர் பர்னபா. எருசலேமில் சீடர்கள் சவுலுக்கு அஞ்சியபோது அவரைக் கைப்பிடித்து அழைத்துச் சென்றவரும் இவரே. மாற்கு பர்னபாவின் இனத்தார் என்று கொலோசெயர் நிருபம் கூறுவதையும் மறைக்க வேண்டியதில்லை. வழிகாட்டிக்குப் பாசம் கண்ணை மறைக்கக்கூடும் என்பதற்கு அது எச்சரிக்கை. எனினும் பிற்காலத்தில் 2 தீமோத்தேயு 4-ஆம் அதிகாரம் மாற்கைப் பயனுள்ளவர் என்று குறிப்பிடுகிறது. பவுல் மறுத்தபின்னும் மாற்குக்குச் செல்ல ஓர் இடம் இருந்தது. இருவரும் ஒரே மனிதராக இருந்திருந்தால் அவ்விடம் இருந்திராது.

7. ஒருவரே இருவராக நேர்ந்தால்

"எங்கள் சபை சிறியது, ஆயராகிய நாமே கற்பிக்கவும் வேண்டும், கண்டிக்கவும் வேண்டும், இரு மனிதருக்கு எங்கே போவோம்?" என்று கேட்போர் உளர். கேள்வி நியாயமானது. இதற்கு விடை கூறுமுன் நம் தவறு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.

தொடக்கத்தில் குறிப்பிட்ட அதே மாணவர், பின்னர் ஓராண்டு நம் பொறுப்பில் சபைக் களப்பணி செய்தார். வாரந்தோறும் அவருடன் பேசினோம். ஆண்டிறுதியில் மதிப்பீடு எழுதியவரும் நாமே. ஒவ்வொரு வாரமும் எல்லாம் நன்றாக நடப்பதாகவே அவர் கூறினார். மரண வீடுகளுக்குச் செல்ல அவர் அஞ்சினார் என்பதும், ஆண்டு முழுவதும் ஏதேனும் காரணம் சொல்லி அதைத் தவிர்த்தார் என்பதும் மதிப்பீடு முடிந்து பல மாதங்கள் கழிந்தபின்னரே தெரியவந்தது. சிறு வயதில் தாயை இழந்தவர் அவர். "ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டோம். "மதிப்பீட்டுத் தாள் ஐயா கையில் இருந்தது" என்றார். இணையக் குழுவில் அவருக்கு வழிகாட்டி இல்லையே என்று வருந்திய நாம், அவருக்கு வழிகாட்டியாக இருக்கிறோம் என்று நம்பிக்கொண்டே மேற்பார்வையாளராக மட்டும் இருந்திருக்கிறோம்.

இவ்வனுபவத்திலிருந்தும் மேற்கண்ட சமூகங்களின் நடைமுறையிலிருந்தும் சில நெறிகளைக் கூறலாம்.

முதலாவது, எந்தப் பொறுப்பிலிருந்து பேசுகிறோம் என்பதை முன்னரே அறிவிக்க வேண்டும். "இன்று நாம் பேசுவது மதிப்பீட்டில் வராது" என்று சொன்னால், அச்சொல்லைக் காக்க வேண்டும். எவற்றை மறைத்துக் காக்க இயலாது என்பதையும், சிறப்பாகப் பிறர்க்குத் தீங்கு நேரும் செய்திகளை, அப்போதே சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது, நாம் வழிகாட்டிய ஒருவரைப் பற்றி இறுதித் தீர்ப்புக் கூறவேண்டிய வேளையில் விலகி நின்று, அதனைச் சபைக்குழுவிடமோ அடுத்த சேகரத்து ஆயரிடமோ ஒப்படைக்க வேண்டும். தொடர்புடைய நிர்வாகி விலகி நிற்றல் என்னும் நெறி விக்கிப்பீடியாவுக்கு மட்டும் உரியதன்று.

மூன்றாவது, வழிகாட்டும் பணிக்கு ஆயரே வேண்டும் என்பதில்லை. பத்து ஆண்டுகள் ஞாயிறு பள்ளியில் கற்பித்த ஒரு தாயார், புதிய ஆசிரியைக்கு ஆயரைவிடச் சிறந்த வழிகாட்டியாவார். அவருக்கு எந்தப் பதவியும் கொடுக்க வேண்டா. பதவி கொடுத்தால் அப்பயன் கெடவும் கூடும்.

நான்காவது, ஒரு வேலையைத் திருப்பி அனுப்பும்போது, எவரிடம் சென்று கேட்கலாம் என்று ஒரு பெயரையும் உடன் அனுப்ப வேண்டும். அந்தப் பத்துப் பக்கங்களுடன் ஒரு பெயர் வந்திருந்தால், அம்மாணவர் பதினோராம் பக்கத்தையும் எழுதியிருப்பார்.

இப்போது அவர் ஒரு கிராமச் சேகரத்தில் ஆயராக இருக்கிறார். மரண வீடுகளுக்குச் செல்லக் கற்றுக்கொண்டார். கற்பித்தவர் நாம் அல்லோம், அச்சபையின் கோயில்பிள்ளை. முதல் சில மாதங்கள் அம்முதியவர் எதுவும் கேட்காமல் அவருடன் நடந்து சென்றாராம். அவர் கையில் மதிப்பீட்டுத் தாள் எதுவும் இல்லை.